ஊமத்தை போடும் துண்டு

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் சாலையோரத்திலும் குப்பைமேட்டிலும் ஊமத்தை தானாக முளைத்துக் கிடக்கும். விதைத்தவர் யாருமில்லை. மருத்துவ உலகத்துக்கு ஒரு பெரிய பாடம் சொல்லிக்கொடுத்த செடி வகை அது. டீ ஆறுவதற்குள் அந்தப் பாடத்தைப் பார்த்துவிடலாம்.

ஊமத்தை விதையைத் தின்றவருக்கு நாக்கு வறளும், கண்மணி விரியும், நெஞ்சு படபடக்கும், பேச்சு பிதற்றலாகும். இத்தனையும் சேர்ந்து வருவதுதான் துப்பு. எச்சில் ஊறவும், கண்மணி சுருங்கவும், இதயம் நிதானப்படவும் நரம்பு நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற பொருள் வந்து, செல்லின் மேலுள்ள ஏற்பியில் உட்கார வேண்டும். ஊமத்தையிலுள்ள ஸ்கோபோலமினும் அட்ரோபினும் பஸ் சீட்டில் துண்டு போடுகிற மாதிரி அந்த ஏற்பியை முன்கூட்டியே பிடித்துக்கொள்கின்றன. துண்டும் பயணம் போகாது, வந்தவரையும் உட்கார விடாது.

அதே குடும்பத்துப் பெல்லடோனாவின் வேரிலிருந்து 1831-இல் மைன் என்ற ஜெர்மானிய மருந்தாளுநர் அட்ரோபினைப் பிரித்தெடுத்தார். அது ஏற்பியைத்தான் மறிக்கிறது என்று எப்படித் தெரிந்தது? விலங்கின் குடல்துண்டை உப்புக் கரைசலில் தொங்கவிட்டு அசிட்டைல்கோலின் சேர்த்தால் சுருங்கும். முதலில் அட்ரோபினைச் சேர்த்துவிட்டால் சுருங்காது. பிறகு அசிட்டைல்கோலினை அள்ளி விட்டால் மறுபடியும் சுருங்கும். கூட்டம் முண்டியடித்தால் துண்டு நகர்ந்துவிடுகிறது. திசு கெடவில்லை, இடம்தான் மறிக்கப்பட்டிருந்தது என்பதற்கு இதுவே சாட்சி. புதிய மூலிகைச் சாற்றையும் இப்படித்தான் சோதிக்கிறார்கள்.

இது நம் கரிசல்காட்டுக்கு நெருக்கமான விஷயம். பருத்திக்கு அடித்துவந்த மோனோகுரோட்டோபாஸ் போன்ற பூச்சிமருந்து, அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்கிவிடும். எச்சில் வடியும், கண்மணி புள்ளியாகும், நுரையீரலில் நீர் சுரந்து மூச்சு முட்டும். ஊமத்தைக் குறிகளுக்கு நேர் எதிர். அதனால்தான் ஆஸ்பத்திரியில் அட்ரோபின் ஊசி போடுகிறார்கள். நெஞ்சில் கரகரப்பு அடங்கியதா, நாடி 80-ஐத் தாண்டியதா, அக்குள் காய்ந்ததா என்று நிமிடக் கணக்கில் பார்த்துப் பார்த்து அளவை ஏற்றுவார்கள். மூச்சுத் தசையிலுள்ள ஏற்பி வேறு வகை. அதை அட்ரோபின் தொடாது. அந்தத் தசை தளர்ந்தால் வென்டிலேட்டர்தான் வழி.

இதைப் படித்துவிட்டு யாரும் ஊமத்தையை அரைத்துக் கொடுத்துவிடக் கூடாது. செடிக்குச் செடி, இலைக்கும் விதைக்கும் வீரியம் மாறும். உயிரைக் காப்பது அளவு. மருந்தடித்தவருக்கு வாயில் நுரை தள்ளினால் சட்டையைக் கழற்றி, கையுறை போட்டுக்கொண்டு சோப்பால் உடம்பைக் கழுவுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால் டாக்டருக்கு வேலை சுலபம்.