பக்கத்து வரப்புக்காரருக்கா, கூடப்பிறந்தவருக்கா?

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் போதும், தென்காசிப் பக்கம் மனை விசாரிக்க வெளியூர்க்காரர்கள் வந்துவிடுவார்கள். ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தகப்பனார் உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். வீடு ஒரு மகளுக்கும் இரண்டு மகன்களுக்கும் பொது. சென்னையில் இருக்கும் தம்பி தன் பாகத்தை மதுரைக்காரர் ஒருவருக்குக் கிரயம் பேசுகிறார். "ஏல, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?" என்று அக்கா சண்டைக்கு வருகிறார்.

அது வெறும் ரோஷம் அல்ல, சட்டம். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22-வது பிரிவுப்படி, முதல் வகுப்பு வாரிசுகளில் ஒருவர் தன் பங்கை விற்க முன்வந்தால், வாங்குவதில் மற்ற வாரிசுகளுக்கே முன்னுரிமை. விலை படியாவிட்டால் நீதிமன்றம் நிர்ணயிக்கும். அந்த விலை கட்டாது என்று அக்கா பின்வாங்கினால் மனுச் செலவு அவர் தலையில். இரண்டு வாரிசுகள் போட்டியிட்டால் அதிக விலை சொல்பவருக்கு. விளைநிலத்துக்கும் இது பொருந்தும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

"பக்கத்து வரப்பு என்னுது, எனக்குத்தான் முதல்ல தரணும்" என்று வாய்க்காலோரம் பேசுவது வேறு கதை. இஸ்லாமியச் சட்டத்திலிருந்து வந்த அந்த உரிமை வட இந்தியாவில் வேரூன்றியது. சென்னை உயர் நீதிமன்றமோ 1870-லேயே அதை ஏற்க மறுத்தது. மலபாரில் மட்டும் உள்ளூர் வழக்கமாக நின்றது. அண்டை நிலத்துக்காரர் என்பதற்காக மட்டும் கேட்கும் முன்னுரிமை செல்லாது என்று 1962-இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

வாங்குவதில் இப்படி முன்னுரிமை கேட்பதற்கு ஆங்கிலத்தில் 'பிரீஎம்ப்ஷன்' என்று பெயர். மத்தியச் சட்டம் மாநிலச் சட்டத்தை ஓரங்கட்டுவதற்கும் அமெரிக்காவில் இதே சொல்தான். நம் அரசமைப்பில் அது 254-வது பிரிவு; குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தால் பொதுப்பட்டியலில் மாநிலச் சட்டம் அந்த மாநிலத்தில் நிற்கும். 2017-இன் ஜல்லிக்கட்டுத் திருத்தம் அப்படி ஒப்புதல் வாங்கியதுதான்.

எதிரி அடிக்குமுன் முந்திக்கொண்டு அடிப்பதும் அதே சொல். 1967 ஜூன் 5 அன்று எகிப்து விமானதளங்களை இஸ்ரேல் தாக்கியதற்கும், 2019 பிப்ரவரியில் பாகிஸ்தானின் பாலாகோட்டில் இந்தியா நடத்திய தாக்குதலுக்கும் அதையே காரணமாகச் சொன்னார்கள். அங்கே விலை நிர்ணயிக்க நீதிமன்றம் கிடையாது.

மதுரைக்காரருக்கு ஒன்று: அக்காவின் உரிமை வில்லங்கச் சான்றில் வராது. அட்வான்ஸ் கொடுக்குமுன் வாரிசுச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, அதில் இருக்கும் மற்ற பெயர்களிடம் சம்மதக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.