‘முடிச்சாச்சு’ன்னா... எப்ப மச்சி?

‘‘புராஜெக்ட் எந்த அளவுல இருக்கு?’’

‘‘90 பர்சன்ட் ஓவர் சார்!’’

ஃபைனல் இயர் லேப்களின் தேசிய கீதம் இது. போன வாரமும் 90... இந்த வாரமும் 90... ரிவ்யூவுக்கு முதல் நாள் ராத்திரியும் அதே 90!

நாளைக்கு நீங்க சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போனாலும் இந்தக் கேள்வி துரத்தும். அதனால்தான் பல டீம்கள் பர்சன்ட்டை விட்டுவிட்டு கடிகாரத்தைப் பார்க்கின்றன. ஒரு வேலையைக் கையில் எடுத்த நேரம், முடித்த நேரம். இந்த இரண்டையும் குறித்து வைத்தால் போதும். இடைவெளிக்குப் பெயர் ‘சைக்கிள் டைம்’. வாரத்துக்கு எத்தனை முடிகிறது என்பது ‘த்ரூபுட்’.

இதில் முதல் பொறி, சராசரி! 10 வேலையில் 9 வேலை தலா 2 நாளில் முடிந்தது. ஒன்று மட்டும் 22 நாள் இழுத்தது. சராசரி 4 நாள். ஆனா, எந்த வேலையுமே 4 நாளில் முடியலையே! ‘பத்துக்கு ஒன்பது 2 நாளில் முடியுது’ன்னு சொல்றதுதான் நிஜம். அந்த 22 நாள் வேலை எங்கே காத்துக் கிடந்தது என்று தேடுவதுதான் புத்திசாலித்தனம்.

அப்படிக் காத்துக் கிடக்க என்ன காரணம்? பெரும்பாலும் ஒரே நேரத்தில் ஏகப்பட்டதைத் தொடுவதுதான். வரிசையில் காத்திருப்பது பற்றி ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்த ஒரு கணக்கு இங்கே கைகொடுக்கும். டீம் கையில் 12 வேலை, வாரத்துக்கு 4 முடிகிறது என்றால், ஒரு வேலைக்கு சராசரியாக 3 வாரம். அதே வேகத்தில் கையில் 4 மட்டும் வைத்திருந்தால் 1 வாரம்தான்!

சரி, ‘முடிந்தது’ என்றால் எது? கோடு அடிச்சதா, டெஸ்ட் பண்ணினதா, பயன்படுத்துறவர் கைக்குப் போனதா? டீம் முதலில் இதைப் பேசி முடிவு செய்யணும். கிட்-டில் ஒவ்வொரு கமிட்டுக்கும் இரண்டு தேதி உண்டு: எழுதிய தேதி, கமிட் ஆன தேதி. ரீபேஸ் செய்தால் முதலாவது அப்படியே இருக்கும், இரண்டாவது மாறிவிடும். எதை எண்ணுகிறோம் என்று தெரியாமல் எண்ணினால் கணக்கு காலி.

வேகம் மட்டும் போதாது பாஸ்! நிக்கோல் ஃபோர்ஸ்கிரன், ஜெஸ் ஹம்பிள், ஜீன் கிம் மூவரும் 2018-ல் எழுதிய ‘ஆக்ஸிலரேட்’ புத்தகம் நான்கு அளவுகளைச் சொல்கிறது. எத்தனை தடவை ரிலீஸ், கமிட்டிலிருந்து ரிலீஸ் வரை எவ்வளவு நேரம் என்ற இரண்டும் வேகத்துக்கு. எத்தனை ரிலீஸ் சொதப்புது, சொதப்பினால் எவ்வளவு நேரத்தில் சரியாகுது என்ற இரண்டும் உறுதிக்கு.

கடைசியா ஒரு எச்சரிக்கை. இந்த நேரங்களை வைத்து ஆளுக்கு மார்க் போட ஆரம்பித்தால் கதை கந்தல். ஒரு வேலையை அஞ்சாக உடைப்பார்கள். டெஸ்ட் பண்ணாமலே ‘க்ளோஸ்’ அடிப்பார்கள். அளவை வைத்து ஆட்டுவித்தால் அந்த அளவே நம்பகத்தன்மை இழக்கும் என்று பொருளாதார நிபுணர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-லேயே சொல்லிவிட்டார். ராத்திரி முழுக்க நண்பனின் பிழையைத் தேடித் தந்தவன் பேரில் ஒரு ‘முடிந்தது’கூட இருக்காது. அவன் சோம்பேறியா என்ன?

கடிகாரம் டீமுக்கு, ஆளுக்கு அல்ல. இன்னிக்கே ஒரு நோட்டில் எடுத்த தேதி, முடித்த தேதின்னு ரெண்டு காலம் போடுங்க. அடுத்த ரிவ்யூவில் ‘90 பர்சன்ட் சார்’ சொல்ல வேண்டியிருக்காது!