செலிட்சா விடுதி, லியுப்லியானா

செலிட்சா விடுதி என்பது சுலோவீனியா நாட்டின் தலைநகரான லியுப்லியானாவில் அமைந்துள்ள குறைந்த கட்டணத் தங்கும் விடுதி ஆகும். முன்பு இராணுவச் சிறையாக இருந்த கட்டடத்தில் இது 2003ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. கைதிகள் அடைக்கப்பட்டிருந்த 20 சிறையறைகளில் இப்போது பயணிகள் தங்குகின்றனர். சன்னல்களிலும் கதவுகளிலும் இரும்புக் கம்பிகள் இன்றும் உள்ளன. ஆனால் கதவின் சாவி உள்ளே இருப்பவரிடமே இருக்கிறது.

பெயர்

சுலோவீனிய மொழியில் 'செலிட்சா' என்ற சொல்லுக்குச் சிறையறை என்பது ஒரு பொருள். உயிரியலில் உயிரணுவைக் குறிக்கவும் இதே சொல்லே பயன்படுகிறது. கட்டடம் எதுவாக இருந்தது என்பதை மறைக்காமல், அதையே விடுதியின் பெயராக வைத்துள்ளனர்.

படைமுகாமின் வரலாறு

இச்சிறை, மெட்டெல்கோவா தெருவில் இருந்த பெரிய படைமுகாமின் ஒரு பகுதி. லியுப்லியானா ஆசுத்திரிய-அங்கேரியப் பேரரசின் ஆட்சியில் இருந்தபோது, 1882ஆம் ஆண்டு அளவில் இம்முகாமின் கட்டுமானம் தொடங்கியது. முதல் உலகப் போருக்குப் பின் பேரரசு சிதைந்து, நகரம் யூகோசுலாவியாவின் பகுதியானது. இரண்டாம் உலகப் போரின்போது முதலில் இத்தாலியப் படையும், 1943 முதல் செருமானியப் படையும் நகரை ஆக்கிரமித்திருந்தன. போருக்குப் பின் முகாம் யூகோசுலாவிய மக்கள் இராணுவத்தின் வசம் இருந்தது.

1991 சூன் 25 அன்று சுலோவீனியா விடுதலை அறிவித்தது. அதைத் தொடர்ந்து பத்து நாள்கள் போர் நடந்தது. அதே ஆண்டு அக்டோபரில் யூகோசுலாவியப் படையின் கடைசி வீரர்களும் நாட்டை விட்டு வெளியேறினர். நகரின் நடுவில், தொடர்வண்டி நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில், ஒரு படைமுகாம் முழுவதும் வெறுமையாக நின்றது.

1993: இடிப்பும் எதிர்ப்பும்

படைகள் வெளியேறும் முன்பே, 1990இல், கலைஞர்களும் சமூக இயக்கத்தினரும் 'மெட்டெல்கோவா வலையமைப்பு' என்ற பெயரில் ஒன்றிணைந்தனர். முகாமைப் பண்பாட்டுப் பணிகளுக்குத் தர வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. 1993 செப்டம்பரில் சில கட்டடங்களை இடிக்கும் வேலை தொடங்கியபோது, அவர்கள் உள்ளே புகுந்து இடத்தைக் கைப்பற்றினர். மின்சாரமும் தண்ணீரும் துண்டிக்கப்பட்ட பிறகும் வெளியேற மறுத்தனர்.

அந்த இடம் இன்று 'மெட்டெல்கோவா நகரம்' என்று அழைக்கப்படுகிறது. ஓவியக்கூடங்கள், இசை அரங்குகள், சமூக அமைப்புகளின் அலுவலகங்கள் ஆகியவை அங்கு இயங்குகின்றன. பழைய முகாமின் தெற்குப் பகுதியில் சுலோவீனிய இனவரைவியல் அருங்காட்சியகமும், 2011இல் திறக்கப்பட்ட தற்காலக் கலை அருங்காட்சியகமும் உள்ளன. முகாமின் சிறைக் கட்டடமே செலிட்சா விடுதியாக மாறியது.

சிறையறை விடுதியறை ஆன விதம்

சிறையை இடிக்காமல் மாற்றியமைக்கும் திட்டத்திற்குக் கட்டடக் கலைஞர் யாங்கோ ரோழிச் முதன்மைப் பங்காற்றினார். லியுப்லியானா பல்கலைக்கழக மாணவர் அமைப்பு இதற்குத் துணை நின்றது. உள்நாட்டையும் வெளிநாடுகளையும் சேர்ந்த 80க்கும் மேற்பட்ட கலைஞர்கள் பணியில் பங்கேற்றனர்.

அறைகள் அனைத்தும் ஒரே அளவான சிறு கூடுகள். ஆனால் ஒவ்வோர் அறையும் வெவ்வேறு கலைஞரிடமோ குழுவிடமோ ஒப்படைக்கப்பட்டதால், ஓர் அறையைப் போல் இன்னோர் அறை இல்லை. தரைப்பரப்பு குறைவு என்பதால், பல அறைகளில் மரத்தால் மேல்தளம் அமைத்துப் படுக்கையை உயரத்தில் வைத்துள்ளனர். அதன் கீழே அமரவும் பைகளை வைக்கவும் இடம் கிடைக்கிறது. வெவ்வேறு சமயத்தினர் அமைதியாக அமர ஒரு சிறு அறையும் கட்டடத்தில் உண்டு. தனிமைச் சிறையாக இருந்த கீழ்த்தள அறைகள் படுக்கையறைகளாக மாற்றப்படவில்லை. பார்வையாளர் காண்பதற்காக விடப்பட்டன.

தங்கும் முறை

தமிழில் 'ஹாஸ்டல்' என்றதும் மாணவர் விடுதியே நினைவுக்கு வரும். ஐரோப்பாவில் அச்சொல் பயணியர் விடுதியையும் குறிக்கிறது. அங்கு முழு அறையை எடுக்க வேண்டியதில்லை. பலர் படுக்கும் பொது அறையில் ஒரு கட்டிலுக்கு மட்டும் பணம் கொடுத்தால் போதும். செருமானியப் பள்ளி ஆசிரியர் ரிச்சர்டு சிர்மான் 1912இல் ஆல்தெனா நகரின் பழைய கோட்டையில் தொடங்கிய இளைஞர் விடுதியே இம்முறையின் முன்னோடி. நடைப்பயணம் செல்லும் மாணவர்கள் இரவு தங்க இடமின்றித் தவித்ததே அதற்குக் காரணம்.

செலிட்சாவிலும் இம்முறையே உள்ளது. சிறையறைகளில் இருவர் அல்லது மூவர் தங்கலாம். இன்னும் குறைந்த செலவில் தங்க விரும்புவோருக்கு மேல்மாடத்தில் பொதுப் படுக்கையறை உண்டு. சிறையறைகளில் தங்குவோர் பொதுக் கழிவறைகளையும் குளியலறைகளையும் பயன்படுத்த வேண்டும். வார இறுதி இரவுகளில் மெட்டெல்கோவாவின் இசை அரங்குகள் நெடுநேரம் இயங்குவதால், அமைதியான உறக்கத்தை நாடுவோருக்கு இவ்விடம் அவ்வளவாகப் பொருந்தாது.

சிறைகள் ஏன் விடுதிகளாகின்றன?

சிறைக்கும் விடுதிக்கும் கட்டட அமைப்பில் ஒற்றுமை உண்டு. இரண்டிலும் நீண்ட நடைவழியின் ஓரமாக ஒரே அளவுள்ள சிறு அறைகள் வரிசையாக இருக்கும். பழைய சிறைகளின் தடித்த சுவர்கள் நூறாண்டு கடந்தும் உறுதியாக நிற்கும். நகரம் வளர்ந்து பரவியதால், ஒரு காலத்தில் ஊர் எல்லையில் இருந்த சிறைகள் இன்று நகரின் நடுவில் உள்ளன.

குறைகளும் அதே அமைப்பிலிருந்தே வருகின்றன. சன்னல்கள் சிறியவை, வெளிச்சமும் காற்றும் குறைவு. சுவர்களைக் குடைந்து ஒவ்வோர் அறைக்கும் தண்ணீர்க் குழாய் கொண்டு செல்வது செலவு மிக்கது. செலவைக் குறைக்க வேண்டிய விடுதிகளுக்குப் பொதுக் குளியலறை எளிய தீர்வாகிறது.

நினைவைக் கையாளும் வழிகள்

சிறையில் துன்புற்றவர்களின் நினைவு ஒருபுறம், விடுமுறையைக் கழிக்க வரும் பயணியின் மகிழ்ச்சி மறுபுறம். இவ்விரண்டையும் ஒரே கூரையின் கீழ் எவ்வாறு வைப்பது என்பது இத்தகைய விடுதிகள் எல்லாவற்றிற்கும் எழும் கேள்வி. ஐரோப்பாவில் இதற்கு வெவ்வேறு விடைகள் காணப்படுகின்றன.

சுவீடன் தலைநகர் சுடாக்கோமில் உள்ள லோங்ஹோல்மன் சிறை 1975இல் மூடப்பட்டு, 1989இல் விடுதியானது. சுவீடனின் கடைசி மரணதண்டனை 1910இல் இச்சிறையிலேயே நிறைவேற்றப்பட்டது. விடுதியோடு சேர்த்து ஒரு சிறை அருங்காட்சியகமும் அமைத்து, வரலாற்றை அங்கு விளக்குகின்றனர்.

இலாத்வியாவின் இலியெபாயா நகரில் உள்ள கரோசுட்டா சிறை வேறு வழியைத் தேர்ந்தது. அங்கு இரவு தங்குவோர் கைதிகளைப் போலவே நடத்தப்படும் நாடக நிகழ்ச்சி உண்டு. காவலர் உடையில் இருப்பவர்கள் அதட்டி ஆணையிடுவார்கள். அக்காலக் கொடுமையை உணர இது உதவும் என்பது ஒரு கருத்து. உண்மையான துன்பத்தை விளையாட்டாக்குகிறது என்பது மறுகருத்து. விரும்பி வந்து, விடிந்ததும் வெளியேறக்கூடிய ஒருவரால் கைதியின் நிலையை முழுமையாக உணர இயலாது என்பது உண்மையே.

செலிட்சா நடிப்பை நாடவில்லை. கம்பிகளையும் தனிமைச் சிறைகளையும் அப்படியே விட்டு, மற்ற அறைகளைக் கலைஞர்களிடம் ஒப்படைத்தது. சிறையாக இருந்ததை மறைக்கவுமில்லை, தங்குபவரைக் கைதியாக்கவுமில்லை.

இதற்கும் ஒரு வரம்பு உண்டு. அறையின் அழகில் மனம் செல்லும்போது, அங்கு அடைபட்டுக் கிடந்தவர்களை மறப்பது எளிது. இவ்விடம் தானாகக் காப்பாற்றப்படவில்லை என்பதும் மறக்கத்தக்கதன்று. 1993இல் இருட்டிலும் குளிரிலும் சிலர் இங்கு தங்கியிராவிட்டால், இந்த முகாமில் இன்று எஞ்சியிருப்பதில் எவ்வளவு தப்பியிருக்கும் என்று சொல்ல இயலாது. கீழ்த்தளத்துத் தனிமைச் சிறைகளைப் பார்த்துவிட்டு மேலே சென்று உறங்கும் பயணிக்கு, மேலுள்ள அறையும் ஒரு காலத்தில் எதுவாக இருந்தது என்பது விளங்கும்.