கூட்டுக்குள் எப்போதும் 35 டிகிரி

தனியாக அகப்பட்ட தேனீக்குக் குளிரைத் தாங்கும் வலு கிடையாது. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் விறைத்து விழுந்துவிடும். அதே தேனீ கூட்டமாகச் சேர்ந்துவிட்டால் கதையே வேறு. வெளியே பனி கொட்டினாலும் வெயில் கொளுத்தினாலும், புழு வளரும் அடையின் நடுப்பகுதி 33 முதல் 36 டிகிரிக்குள்ளேயே நிற்கும்.

இந்தச் சூடு தேனீயின் மார்பில் உள்ள பறக்கும் தசைகளிலிருந்து வருகிறது. வண்டியை நியூட்ரலில் வைத்து முறுக்குவதைப் போல, இறக்கையை அசைக்காமல் தசையை மட்டும் இயக்குகிறது தேனீ. எரிபொருள், சேமித்துவைத்த தேன். கூட்டில் உள்ள தேனில் பெரும்பங்கு இப்படிச் சூடாகவே செலவாகிறது.

மூடிய புழு அறைகளின் மேல் சில தேனீக்கள் மார்பை அழுத்திக்கொண்டு அசையாமல் கிடக்கும். வேறு சில, காலி அறைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு வயிறு மட்டும் வெளியே தெரியக் கிடக்கும். சோம்பிக் கிடக்கின்றன என்றுதான் பார்ப்பவர்க்குத் தோன்றும். ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் யூர்கன் டௌட்ஸ் குழுவினர் அகச்சிவப்புக் கேமராவில் பார்த்தபோது, அவற்றின் மார்பு 40 டிகிரியைத் தாண்டித் தகதகத்தது. மேலே படுத்த தேனீ ஓர் அறையைச் சூடாக்குகிறது. காலி அறைக்குள் புகுந்ததோ சுற்றியுள்ள ஆறு அறைகளுக்கும் சூடு தருகிறது.

இவ்வளவு பாடுபடுவது எதற்கு? இதே குழு 2003இல் வெளியிட்ட ஆய்வில் விடை இருக்கிறது. 32 டிகிரியில் வளர்ந்த கூட்டுப்புழுக்களும் தேனீக்களாகத்தான் வெளிவந்தன. ஆனால் 36 டிகிரியில் வளர்ந்தவற்றைப் போல அவற்றால் பூ இருக்கும் இடத்தை நடனமாடித் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. வாசனையை நினைவில் வைப்பதிலும் பின்தங்கின. நான்கு டிகிரி குறைந்தால் உயிர் போவதில்லை, அறிவு குறைகிறது. தேனீ ஆய்வில் இதைவிட என்னை அசரவைத்த முடிவு வேறில்லை.

ஜப்பானியத் தேனீக்களுக்கு இந்தச் சூடே ஆயுதம். கூட்டைச் சூறையாட வரும் ராட்சதக் குளவியை நூற்றுக்கணக்கில் மொய்த்து, பந்தாகச் சுருட்டி, 46, 47 டிகிரி வரை சூடேற்றிக் கொன்றுவிடுகின்றன. அந்தச் சூட்டைத் தேனீ தாங்கும், குளவி தாங்காது.

வெப்பம் மிஞ்சினால் தண்ணீர்தான் துணை. சேகரித்து வந்த நீரை அறை விளிம்புகளில் மெல்லியதாகப் பூசி, வாசலில் வரிசையாக நின்று இறக்கையால் விசிறுகின்றன. 1950களில் தேனீ ஆய்வாளர் மார்ட்டின் லிண்டாவர் இத்தாலியின் சலெர்னோ அருகே, 60 டிகிரி கொதிக்கும் எரிமலைப் பாறைப் பரப்பில் ஒரு தேன்பெட்டியை வைத்தார். தண்ணீர் கிடைத்தவரை உள்ளே 35 டிகிரி மாறவில்லை.

ஆகவே தேனீ வளர்ப்போர், சித்திரை வெயிலில் பெட்டியை நிழலில் வையுங்கள். பக்கத்தில் அகலமான தட்டில் கூழாங்கற்கள் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள்; கல் இல்லாவிட்டால் தேனீக்கள் மூழ்கிச் சாகும். குளிர்காலையில் புழு அடைகளை வெளியே எடுத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.