கொல்லைத் தோட்டமும் பொம்மைப் படமும்

மலேசியாவின் நெற்களஞ்சியம் என்று கெடா மாநிலத்தைச் சொல்வார்கள். ஆனால், அங்கே தோட்டப்புறத் தமிழர்கள் செய்த விவசாயம் பலருக்கு நினைவுக்கு வருவதில்லை. சுங்கைப்பட்டாணி, பீடோங், பாடாங் செராய், கூலிம் வட்டாரங்களில் விடியற்காலையில் பெரட்டுக்குப் போய்ப் பால்மரம் சீவியவர்கள், மாலையில் லயத்துக்குப் பின்னால் மண்வெட்டி பிடித்தார்கள். வெண்டை, கத்தரி, முருங்கை, மரவள்ளி, பக்கத்திலேயே மாட்டுக் கொட்டகை. அப்பா பாத்தி கட்ட, அம்மா விதை போட, பிள்ளைகள் தண்ணீர் ஊற்றிய குடும்ப விவசாயம் அது. பல தோட்டங்கள் கைமாறிவிட்டன. லயங்கள் இடிக்கப்பட்டுவிட்டன. இனி அந்தக் காட்சியைப் படம் பிடிக்க எங்கே போவது?

வீட்டு மேசையின் மீதே அதைத் திரும்பக் கட்டலாம். அதற்கு உதவும் கலைதான் 'ஸ்டாப் மோஷன்'.

எப்படி எடுப்பது?

ஒரு பொம்மையை வைத்து ஒரு படம் எடுக்க வேண்டும். அதன் கையை மயிரிழை நகர்த்தி அடுத்த படம். இப்படியே எடுத்தவற்றை வேகமாக ஓட்டினால் பொம்மை உயிர் பெற்று நடக்கும். திரைப்படத்தில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு நிலையையும் இரண்டு முறை பதிவு செய்தால் 12 நிலைகள் போதும். ஒரு நிமிடப் படத்துக்கு 720 நிலைகள். ஒரு நிலைக்கு ஒரு நிமிடம் பிடித்தாலும் 12 மணி நேர வேலை!

வளையும் கம்பியில் எலும்புக்கூடு செய்து, அதன்மேல் செயற்கைக் களிமண் பூசினால் பொம்மை தயார். அட்டையில் லயம், பச்சைத் தாளில் கீரைப் பாத்தி. கைப்பேசியை முக்காலியில் அசையாமல் பொருத்த வேண்டும். சன்னலை மூடி, விளக்கு வெளிச்சத்தில் எடுப்பது அவசியம். வெயில் மாறினால் படம் மினுக்கும். மேசை ஆடினால் அதுவரை பட்ட பாடு வீண்.

பட்டாணி காட்டிய வழி

இந்திய சினிமாவின் தந்தை தாதாசாகேப் பால்கே இந்தப் பொறுமையிலிருந்துதான் தொடங்கினார். 1912இல் ஒரு தொட்டியில் பட்டாணி விதைத்து, அது முளைத்துச் செடியாவதை ஒரு மாதத்துக்கு மேல் சிறிது சிறிதாகப் படம் பிடித்தார். இங்கே பொம்மையை நகர்த்தும் வேலையைச் செடியே செய்துகொண்டது. அந்தக் குறும்படத்தைப் பார்த்தவர்கள் கொடுத்த நம்பிக்கையும் பணமும் 1913இல் 'ராஜா ஹரிச்சந்திரா'வுக்கு வழி திறந்தன.

2011இல் ஜானி கெல்லி இயக்கிய 'பேக் டு தி ஸ்டார்ட்' என்ற குறும்படமும் கையால் செய்த பொம்மைகளால் ஆனது. குடும்பமாகப் பன்றி வளர்க்கும் ஓர் உழவர், பண்ணையைத் தொழிற்சாலையாக மாற்றுகிறார். பிறகு மனம் கேளாமல் பழைய முறைக்கே திரும்புகிறார். இரண்டே நிமிடச் சொச்சம், வசனமே இல்லை. ஓர் அமெரிக்க உணவக நிறுவனத்தின் விளம்பரம்தான் என்றாலும், 2012இல் கான் நகரில் நடந்த விளம்பர விழாவில் உயரிய பரிசு பெற்றது.

கெடாவின் கதை

கெடாவிலும் இப்படிச் சொல்லத்தக்க கதை உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்த காலத்தில், 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சேர்த்த பணத்தில் அச்சங்கம் முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம். பிறர் மண்ணில் உழைத்தவர்கள் அந்த மண்ணின் பங்குதாரர்கள் ஆனார்கள். சிறிய பொம்மைப் படத்துக்கு இதைவிட நல்ல முடிவு வேண்டுமா?

பள்ளி விடுமுறையில் இதைத் தொடங்கலாம். கைப்பேசியைப் பிடிக்கப் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியும். கொட்டகை எந்தப் பக்கம் இருந்தது, பாத்திக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பது பாட்டிக்குத்தான் தெரியும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அந்தத் தோட்டம் மேசைமேல் எழும்பட்டும். சொல்ல அவர் இருக்கும்போதே அந்த வேலை நடக்க வேண்டும்.