கிழ ராட்டினத்தை என்ன செய்வது?

பழைய கோட்டை ஒன்றை இடிக்கலாமா என்று கேட்டால், ஊரே திரண்டு வந்து "கூடவே கூடாது" என்று சொல்லும். பழைய மாட்டுக் கொட்டகையை இடிக்கலாமா என்று கேட்டால், "இதற்கு ஒரு யோசனையா?" என்று சிரிக்கும். கோட்டைக்கும் கொட்டகைக்கும் நடுவே ஒரு பொருள் இருக்கிறது. அதைக் கட்டியவர்கள் சரித்திரத்திற்காகக் கட்டவில்லை; காசுக்காகக் கட்டினார்கள். அதில் ஏறியவர்கள் ராஜாக்களும் அல்லர்; விடுமுறை நாளில் பிள்ளை குட்டிகளுடன் வந்த சாதாரண ஜனங்கள். கேளிக்கைப் பூங்காவில் சுற்றும் ராட்டினத்தையும், மேடேறிப் பள்ளத்தில் பாயும் 'ரோலர் கோஸ்டர்' என்னும் விளையாட்டு ரயிலையுமே சொல்கிறோம். இவற்றுக்கு வயதாகிவிட்டால் என்ன செய்வது? வைத்துக் காப்பாற்றுவதா? அல்லது பிரித்துப் போட்டுவிட்டுப் புதியது ஒன்று வைப்பதா?

குழந்தைகள் சமாசாரம் என்று இதைத் தள்ளிவிடுவதற்கில்லை. இதற்காக நகரசபைகள் தீர்மானம் நிறைவேற்றியிருக்கின்றன. நியாயஸ்தலங்களில் வழக்கு நடந்திருக்கிறது. இந்தக் கேள்விக்குச் சொல்லக் கூடிய பதில்கள் அநேகமாக எல்லாவற்றையும் ஒரே கடற்கரையில் பரீட்சை செய்து பார்த்திருக்கிறார்கள் என்பதுதான் அதிசயம். நியூயார்க் நகரத்தின் தென்கோடியில், அட்லாண்டிக் சமுத்திரத்தைப் பார்த்துக் கொண்டிருக்கும் கோனித் தீவே அந்த இடம்.

ஐந்து சென்ட் சுவர்க்கம்

அமெரிக்காவில் காசு வாங்கிக்கொண்டு ஜனங்களை ஏற்றிய முதல் விளையாட்டு ரயில்களில் பேர் பெற்றது 1884-ஆம் வருஷம் தாம்ஸன் என்பவர் இந்தக் கடற்கரையில் அமைத்ததாகும். மணிக்கு ஆறு மைல் வேகம். கட்டணம் ஐந்து சென்ட். இன்று சைக்கிளில் போகும் பையனே அதை முந்திவிடுவான். ஆனால் அந்தக் காலத்து ஜனங்கள் அதில் ஏறுவதற்குக் காத்துக் கிடந்தார்கள்.

1920-ஆம் வருஷத்தில் நகர ரயிலும் அதே ஐந்து சென்ட்டுக்குக் கடற்கரை வரையில் வந்து சேர்ந்தது. அதன் பிறகு, ஜன்னலில்லாத அறைகளில் கோடையைக் கழித்துவந்த தையல்காரர்களும், மூட்டை தூக்குபவர்களும், நேற்றுக் கப்பலிறங்கிய அந்நிய நாட்டு ஏழைகளும் கோனித் தீவை நோக்கிப் படையெடுத்தனர். கோடைகாலத்து ஞாயிற்றுக்கிழமையில் பத்து லட்சம் பேர் வரையில் கூடினார்கள் என்பர். பணக்காரனுக்கு மலை வாசஸ்தலம் உண்டு, மாளிகை உண்டு. ஏழைக்கு இருந்த ஒரே அரண்மனை அந்த ராட்டினங்கள்தாம். இந்த விஷயத்தை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கிழ ராட்டினத்தை எடுத்துவிடுகிறோம் என்று சொல்லும்போது, யாருடைய அரண்மனையை எடுக்கிறோம் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

புயலும் மீனும்

1927-ஆம் வருஷம் ஜூன் 26-ந் தேதி அங்கே ஒரு ரயில் ஓடத் தொடங்கிற்று. அதற்கு ஸைக்ளோன், அதாவது புயல், என்று பெயர். 85 அடி உயரம். மணிக்கு 60 மைல் வேகம். ஏறி இறங்குவதற்கு இரண்டு நிமிஷம்கூட ஆவதில்லை. பேச்சிழந்திருந்த சுரங்கத் தொழிலாளி ஒருவர் 1948-ல் இதில் ஏறி, முதல் பள்ளத்தில் பாயும்போது 'வீல்' என்று அலறினார் என்றும், கீழே இறங்கியதும் அவருக்குப் பேச்சு வந்துவிட்டது என்றும் ஒரு கதை வழங்குகிறது. அவர் பேசிய முதல் வாக்கியம், "எனக்குக் குமட்டுகிறது" என்பதாம்!

1970-ஐ ஒட்டிய வருஷங்களில் ஸைக்ளோனுக்கு முதுமை வந்தது. கோனித் தீவின் செல்வாக்கும் அப்போது மங்கியிருந்தது. ரயிலும் நிலமும் நகரத்தின் கைக்கு வந்துவிட்டன. பக்கத்திலிருந்த மீன் காட்சிசாலையோ தன் எல்லையை விஸ்தரிப்பதற்கு இடம் தேடியது. ரயிலை இடித்துவிட்டு மீன்களுக்கு வீடு கட்டலாம் என்ற யோசனை பலமாக அடிபட்டது. ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. "ஸைக்ளோனைக் காப்பாற்றுங்கள்" என்று கிளம்பினார்கள். பக்கத்துப் பூங்காவின் முதலாளிகள் அதைக் குத்தகைக்கு எடுத்துப் பழுது பார்த்து, 1975-ல் மறுபடியும் ஓட்டினார்கள். 1988-ல் நகரத்தார் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாகவே அறிவித்துவிட்டனர்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஸைக்ளோன் வெறும் மணலில் முளைத்து எழவில்லை. அந்த இடத்தில் அதற்கு முன் வேறொரு விளையாட்டு ரயில் இருந்தது. அதை இடித்துவிட்டுத்தான் இதைக் கட்டினார்கள். அன்று யாராவது அந்தப் பழைய ரயிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதிருந்தால் இன்று ஸைக்ளோனே இராது. "பழையது எதையும் தொடாதே" என்று சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அண்டை வீட்டார் மூவர்

ஸைக்ளோனுக்குக் கூப்பிடு தூரத்தில் மூன்று பேர் இருந்தார்கள். மூவருக்கும் மூன்று விதமான தலையெழுத்து.

முதலாவது, வொண்டர் வீல் என்னும் ராட்சச ராட்டினம். 1920-ல் பிறந்தது, 150 அடி உயரம், 24 கூண்டுகள். அவற்றில் 16 கூண்டுகள் சுற்றும்போதே தண்டவாளத்தில் முன்னும் பின்னும் சறுக்குகின்றன. ஏறியவர்கள் உயிர் போய்விட்டதென்றே எண்ணிக்கொள்கிறார்கள். 1977-ஆம் வருஷம் ஜூலை மாதம் ஓரிரவில் நியூயார்க் நகரம் முழுவதும் மின்சாரம் நின்று இருண்டுபோயிற்று. அப்பொழுது ராட்டினத்தைக் கையினாலேயே சுற்றி, மேலே மாட்டிக்கொண்டவர்களைக் கீழே இறக்கினார்கள். புதிய யந்திரங்கள் பலவற்றால் செய்ய முடியாத காரியம் இது. ஒரே குடும்பத்தார் 1983 முதல் அதைச் சொந்தப் பிள்ளையைப்போல் பேணி வருகிறார்கள்.

இரண்டாவது, பாரசூட் ஜம்ப் என்னும் கோபுரம். 1939-ல் நியூயார்க்கில் நடந்த உலகப் பொருட்காட்சிக்காகக் கட்டப்பட்டு, 1941-ல் இங்கே வந்தது. சுமார் 250 அடி உயரத்திலிருந்து ஜனங்களைக் குடையில் இறக்கிவிடும். அதை நடத்துவதற்கு ஆட்கள் அதிகம் வேண்டும். கடற்காற்று பலமாக அடித்தாலோ நிறுத்திவிட வேண்டும். 1960-களோடு அதன் ஆட்டம் ஓய்ந்தது. கோபுரத்தை இடிக்கவில்லை, 1989-ல் அதுவும் பாதுகாக்கப்பட்ட சின்னமாயிற்று. வர்ணம் பூசி விளக்குப் போட்டிருக்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பாடம் செய்து வைத்த புலி புலியாகுமா?

மூன்றாவது, தண்டர்போல்ட் என்னும் ரயில், 1925-ல் கட்டப்பட்டது. அதன் இரும்புச் சட்டத்தின் அடியிலேயே ஒரு வீடு இருந்தது. தலைக்கு மேல் ரயில் ஓட, அந்த வீட்டில் மனிதர்கள் குடியிருந்தார்கள். 1982-ல் ரயில் நின்றுவிட்டது. பதினெட்டு வருஷம் கொடி படர்ந்து கிடந்தது. 2000-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில், அபாயகரமானது என்று சொல்லி நகர அதிகாரிகள் அதை இடித்துத் தள்ளினார்கள். பிறகு வழக்கு நடந்தது. இடித்ததற்கு நியாயம் இல்லை என்று நடுவர் குழு தீர்ப்புக் கூறியது. தீர்ப்பு வந்தது, ரயில் வரவில்லை. 2014-ல் அதே பெயரோடு எஃகினாலான புது ரயில் ஒன்றை அக்கடற்கரையில் வைத்தார்கள். பேரனுக்குப் பாட்டன் பெயரை வைத்தாற்போல! பேரன் கெட்டிக்காரன்தான், குழந்தைகள் அவனிடம் சந்தோஷமாகப் போகிறார்கள். ஆனாலும் பாட்டன் திரும்பி வந்துவிட்டார் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இந்த மூவருக்கும் முன்பே மறைந்துபோன பெரிய குடும்பம் ஒன்றும் உண்டு. ஸ்டீபிள்சேஸ் பூங்கா என்று அதற்குப் பெயர். 1897-ல் தொடங்கி 1964-ல் மூடப்பட்டது. அதை வாங்கிய பிரட் டிரம்ப் என்ற கட்டட முதலாளி (பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியானவரின் தகப்பனார்) 1966-ல் விருந்து வைத்து, விருந்தாளிகளின் கையில் செங்கல்லைக் கொடுத்து, அதன் கண்ணாடி மண்டபத்தை உடைக்கச் செய்தார். அங்கே அடுக்கு மாளிகைகள் எழும்பும் என்றார்கள். எழும்பவில்லை. 2001-ல் பந்தாட்ட மைதானம் ஒன்று வரும் வரையில், கோனித் தீவின் நடுவே பல்லுப் போன வாய்போல் அந்த இடம் பெரும்பாலும் வெறுமையாகவே கிடந்தது. புதியது வரும் என்று சொல்லிப் பழையதை இடிப்பவரிடம், "புதியது எங்கே?" என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

எதிர்க்கட்சியின் வாதம்

எதிர்க்கட்சியாரின் வாதத்தையும் கேட்கத்தான் வேண்டும். அவர்கள் சொல்வது இலேசான விஷயமன்று. "உங்கள் பழைய நினைவுகளுக்காக எங்கள் குழந்தைகளின் உயிரைப் பணயம் வைக்கலாமா?" என்று கேட்கிறார்கள். லண்டன் மாநகரில் பாட்டர்ஸீ பூங்காவில் 1972-ஆம் வருஷம் மே 30-ந் தேதி, மேலேறிக்கொண்டிருந்த மர ரயில் ஒன்று இழுவைக் கயிற்றை விட்டுப் பின்னோக்கி உருண்டது. ஐந்து குழந்தைகள் மாண்டார்கள். இதைக் கேட்ட பிறகு எந்தத் தாய் தகப்பனுக்கு மனம் பதறாது? ஸைக்ளோனிலும் உயிரிழந்தவர்கள் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். பாட்டர்ஸீ ரயில் 1951-ல் வைக்கப்பட்டது. விபத்து நடந்தபோது அதற்கு இருபத்தொரு வயதுதான்! ஆகவே வயதை மட்டும் அளவுகோலாக வைத்துக்கொண்டு பயனில்லை. ரயில் பின்னால் உருண்டால் தடுத்து நிறுத்த ஏற்பாடு இருக்கிறதா, அது வேலை செய்கிறதா, தினந்தோறும் யார் பார்க்கிறார்கள் என்பனவே கேட்கவேண்டிய கேள்விகள்.

2024-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஸைக்ளோன் மேலேறும்போது, அதை இழுக்கும் சங்கிலிச் சக்கரத்தில் சேதம் கண்டது. ரயிலை அங்கேயே நிறுத்தி, ஏறியிருந்தவர்களைப் படி வழியாக நடத்திக் கீழே கொண்டுவந்தார்கள். சுமார் இரண்டு வாரம் மூடி வைத்துப் பழுது பார்த்து, பரிசோதனை முடிந்த பின்னரே மீண்டும் ஓட்டினார்கள். முதுமையைக் கௌரவமாக நடத்தும் விதம் இதுதான்.

உண்மையில் மரப்பாதை ரயில் ஒன்று நூறு வருஷம் இருக்கிறதென்றால், அதே மரம் நூறு வருஷம் இருக்கிறது என்று அர்த்தமன்று. பலகை தேயும், வெயிலிலும் உப்புக் காற்றிலும் விரியும், ஆணி இளகும். தச்சர்கள் வருஷந்தோறும் பகுதி பகுதியாகப் பெயர்த்து, புதுப் பலகை அடுக்கிக்கொண்டே வருகிறார்கள். சக்கரத்தை மாற்றியதனால் கோயில் தேர் வேறு தேராகிவிடுமா? வளைவும், சரிவும், பள்ளத்தில் விழும்போது அடிவயிற்றில் ஏற்படும் அந்த 'ஜிலீர்' உணர்ச்சியும் மாறாதிருந்தால், ரயில் அதே ரயில்தான். ஆகையால் "வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?" என்று கேட்பதே சரியில்லை. மாற்றாமல் வைத்துக்கொள்ளவே முடியாது. எதை மாற்றுவது, எதை விடுவது என்பதுதான் கேள்வி.

சில இடங்களில் பலகையைவிடக் கதைதான் உளுத்துப் போயிருக்கும். டிஸ்னி பூங்காக்களில் 1989 முதல் 'ஸ்பிளாஷ் மவுண்டன்' என்னும் நீர்ச்சறுக்கு ஒன்று இருந்தது. அதன் கதை, கறுப்பு ஜனங்களின் அடிமை வாழ்வுக் காலத்தை இன்பமயமாகக் காட்டியது என்று கண்டிக்கப்பட்ட 1946-ஆம் வருஷத்துத் திரைப்படத்திலிருந்து எடுத்தது. 2024-ல் அமெரிக்காவிலுள்ள இரண்டு பூங்காக்களிலும், மலையையும் நீரையும் செங்குத்தான வீழ்ச்சியையும் அப்படியே விட்டு, கதையை மட்டும் மாற்றி, கறுப்பு இளவரசி ஒருத்தியின் கதையை வைத்தார்கள். பலர் வருந்தினார்கள், வருத்தத்தில் தப்பில்லை. ஆயினும் ஒருவருடைய இனிய ஞாபகம் இன்னொருவருக்கு அவமானமாக இருக்கும்போது, ஞாபகந்தான் வழிவிட வேண்டும்.

மூன்று கேள்விகள்

நமது அபிப்பிராயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம். கிழ ராட்டினம் எதுவானாலும் அதனிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். அதைப் பழுது பார்க்கத் தெரிந்த கைகளும், பார்ப்பதற்குப் பணமும் இருக்கின்றனவா? இன்றைய குழந்தைகள் அதில் ஏறுவதற்கு விரும்புகிறார்களா, அல்லது தகப்பன்மார்கள் மட்டும்தான் நின்று பெருமூச்சு விடுகிறார்களா? அதை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் வரப்போவது என்ன. அதில் ஏழைப் பிள்ளையும் ஏற முடியுமா?

முதல் கேள்விக்கு 'இல்லை' என்றால், தயங்காமல் நிறுத்திவிட வேண்டியதுதான். குழந்தையின் உயிருக்கு மேல் எந்தச் சரித்திரமும் இல்லை. மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால், எவ்வளவு ஆதாயம் கிடைப்பதாயிருந்தாலும் கடப்பாரையை எடுக்கக் கூடாது. ஏனெனில் கோட்டையைக் கண்ணால் பார்த்து அறியலாம். கல்வெட்டைப் படித்து அறியலாம். பாட்டனார் பத்து வயதில் அலறிய அலறல் எப்படிப்பட்டது என்பதை எந்தப் புஸ்தகமும் சொல்லிக் கொடுக்காது. பள்ளிக்கூடத்தில் சரித்திரம் போதிக்கும் நாமே ஒப்புக்கொள்கிறோம்: இது வயிற்றால் அறிய வேண்டிய சரித்திரம். பேரன் அதே ஆசனத்தில் உட்கார்ந்து, அதே பள்ளத்தில் விழுந்தால்தான் அது விளங்கும்.

2027-ஆம் வருஷம் ஜூன் 26-ந் தேதி ஸைக்ளோனுக்கு நூறு வயது நிறைகிறது. அன்று அதற்கு மாலை போடுவோர் போடட்டும். அதைவிட, அன்று காலையில் கதவு திறப்பதற்கு முன்னால், யாராவது ஒரு தச்சர் சுத்தியலும் கையுமாகப் பாதை முழுவதும் ஒருமுறை நடந்து பார்ப்பாரானால், அதுவே அந்தக் கிழவிக்குச் செய்யும் பெரிய மரியாதையாகும்.