ஒட்டுற ஸ்னோ, ஒட்டாத ஸ்னோ

ரொறன்ரோவுக்கு வந்து இரண்டாவது விண்டரைப் பார்க்கிற நேயர் ஒருவர் கேட்டிருந்தார்: “ஸ்னோ கொட்டத் தொடங்கினால் என்ர மகன் ஜன்னலை விட்டு வரமாட்டான். எனக்கு அதைப் பார்த்தவுடனே நெஞ்சுக்குள்ள ஒரு பாரம். ஏன் இப்படி?”

எங்கட வீட்டிலயும் இதே கதைதான். மகளுக்கு ஆறு வயது, ஸ்காபரோவில் பிறந்தவள். அவளுக்கு விண்டர் என்றால் ஸ்னோ. எனக்கு விண்டர் என்றால் விடிய முன்னம் எழும்பி ட்ரைவ்வேயைத் துப்புரவாக்கி, கார்க் கண்ணாடியில் ஐஸ் சுரண்டி, பின்னேரம் இருட்டில் வீடு திரும்புவது. டிசம்பர் 21 அளவில் இங்கே பகல் ஒன்பது மணித்தியாலம்கூட இல்லை. யாழ்ப்பாணத்தில் அதே நாளில் பதினொன்றரை மணித்தியாலம் வெளிச்சம் இருக்கும்.

“வயது போயிட்டுது, அதுதான்” என்று சொல்லிவிடலாம். ஆனால் நான் சொல்ல வாற விடயம் வேறு. அது ஸ்னோவுக்குள்ளேயே இருக்கு.

எல்லா ஸ்னோவும் உருண்டை பிடிக்க வராது, கவனிச்சிருப்பீங்கள். வெப்பநிலை பூச்சியத்துக்குக் கிட்ட இருக்கும்போது விழுகிற ஸ்னோவில் பளிங்குகளைச் சுற்றி மெல்லிய தண்ணீர்ப் படலம் இருக்கும். கையால் அமத்தினால் அந்தத் தண்ணீர் பளிங்குகளை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கும், பிறகு உறைந்து பசை மாதிரி இறுகும். ஸ்னோமான் செய்ய இதுதான் தோதான ஸ்னோ. மைனஸ் 15இல் விழுகிறது காய்ந்த மா மாதிரி. அமத்தினால் உதிர்ந்து போகும், மிதித்தால் கிறீச் கிறீச் என்று சத்தம் போடும். புட்டுக்கு மா குழைக்கிறவைக்கு இது உடனே விளங்கும். தண்ணீர் காணாவிட்டால் பிடி பிடிபடாது.

இப்ப அதே தண்ணீரை என்ர பக்கத்திலிருந்து பாருங்கோ. ஆறு மீற்றர் நீளம், ஐந்து மீற்றர் அகலமான ட்ரைவ்வேயில் 15 சென்ரிமீற்றர் ஸ்னோ விழுந்தால் அது 4.5 கனமீற்றர். காய்ந்த ஸ்னோ என்றால் கனமீற்றருக்கு 100 கிலோ அளவில் கணக்குப் பார்த்தாலும் 450 கிலோ. ஈர ஸ்னோ அதைப்போல இரண்டு மடங்கு வரலாம், 900 கிலோ. ஒரு சின்னக் காரின் பாரத்தைக் கையால் அள்ளி ஓரமாகப் போடுறம். முடிக்கிற நேரம் பார்த்து நகரசபையின் வண்டி வந்து வாசலை மறிச்சு இன்னொரு வரம்பு கட்டிவிட்டுப் போகும், அதை இதில் சேர்க்கவில்லை.

ஆக, மகளுக்கு ஆகச்சிறந்த ஸ்னோவும் எனக்கு ஆக மோசமான ஸ்னோவும் ஒன்றேதான். அவளைச் சந்தோசப்படுத்துகிற அந்தத் தண்ணீர்தான் என்ர முதுகை முறிக்கிறது.

முதுகு மட்டுமெண்டால் பரவாயில்லை. கியூபெக்கில் 1981 முதல் 2014 வரையான மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தபோது, கடும் ஸ்னோ விழுந்த அடுத்த நாளில் ஆண்களுக்கு மாரடைப்பு கூடியிருந்தது தெரியவந்தது. குளிரில் இரத்தக்குழாய்கள் சுருங்கும், அதே நேரம் பாரம் தூக்க இதயம் கூட வேலை செய்யவேணும். நாற்பது தாண்டினவை, பிரஷர் உள்ளவை ஒரேயடியாக அள்ளி முடிக்கப் பார்க்காதேங்கோ. அரைவாசி விழுந்ததும் ஒருமுறை, நின்றதும் ஒருமுறை தள்ளுங்கோ. தூக்கி எறியாமல் தள்ளுறது இன்னும் நல்லது.

எங்கட தயக்கத்தில் ஊரிலிருந்து கொண்டுவந்த பங்கும் ஒன்று இருக்கு. அம்மம்மா மார்கழி விடியலில் “பனி படாதை, தலையில துவாயைப் போடு” என்பா. தமிழில் அந்தப் புல்லுப் பனியும் பனிதான், இங்கே கொட்டுகிறதும் பனிதான். சொல்லோடு சேர்ந்து பயமும் வந்திட்டுது. தடிமனைக் கொண்டு வாறது வைரஸ். பூட்டின வீட்டுக்குள் எல்லாரும் நெருங்கி இருக்கிறபோது அது சுகமாகப் பரவும். ஒன்ராறியோவில் நாள் முழுக்கப் பிள்ளைகளைப் பார்க்கிற பகல் பராமரிப்பு நிலையங்கள், காலநிலை இடம் கொடுத்தால் தினமும் இரண்டு மணித்தியாலம் வெளியில் விடவேணும் என்பது விதி. அது விண்டருக்கும் பொருந்தும்.

உண்மையான குளிர் ஆபத்தைப் பார்க்க விண்ட் சில் எண்ணைப் பாருங்கோ. மைனஸ் 28க்குக் கீழே போனால் மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்தில் உறையலாம். அன்றைக்கு “வேண்டாம் குஞ்சு” என்று தயங்காமல் சொல்லலாம். மைனஸ் 5இல் அப்படிச் சொல்லக் காரணம் இல்லை. உள்ளுக்குப் பருத்தி போடாதேங்கோ, நனைந்தால் காயாது. கம்பளியோ பொலியெஸ்டரோ நல்லம். ஈர ஸ்னோ நாளில் இரண்டாவது சோடிக் கையுறை கட்டாயம். முக்கியமான இன்னொன்று: தடித்த ஜக்கெற்றோடு பிள்ளையைக் கார் சீற்றில் கட்டக்கூடாது. விபத்தில் ஜக்கெற் அமுங்கி, பட்டி தளர்ந்துவிடும். மெல்லியதைப் போட்டுக் கட்டிவிட்டு மேலே போர்த்திவிடுங்கோ. விறைக்கிற காருக்குள் ஜக்கெற் கழற்றுகிற அந்த இரண்டு நிமிடம்தான் எனக்கு விண்டரிலேயே பிடிக்காத நேரம்.

இப்ப நாங்கள் முதல்நாள் இரவே வெப்பநிலையைப் பார்க்கிறம். பூச்சியத்துக்குக் கிட்ட என்றால் உருண்டை நாள். நான் தள்ளிக் குவிக்கிறது அவளுக்கு மலை. ஆனால் வீட்டுப் பக்கம் மட்டும்தான். தெருவோரக் குவியலில் குகை தோண்ட விடாதேங்கோ, இடிந்து விழும், ஸ்னோ வண்டிக்காரருக்குப் பிள்ளை தெரியாது. மைனஸ் 10க்குக் கீழே என்றால் பளிங்கு நாள். கறுப்பு ஜக்கெற் கையில் விழுகிறது உடனே உருகாது, ஆறு கையும் தெளிவாகத் தெரியும். ஐஸில் தண்ணீர் மூலக்கூறுகள் அறுகோணமாக அடுக்கப்படுவதால்தான் ஆறு. ஜப்பானில், ஹொக்கைடோவில், உக்கிச்சிரோ நக்காயா 1936இல் முதன்முதலாக ஆய்வுகூடத்தில் ஒரு ஸ்னோப் பளிங்கை வளர்த்தார், முயல் மயிரின் நுனியில். இதை மகளிடம் சொன்னேன். “அப்பா, எங்களிட்ட முயல் இல்லையே” என்றாள்.

உப்புப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். மைனஸ் 10க்குக் கீழே சாதாரண உப்பு பெரிதாக வேலை செய்யாது, மணல் போடுங்கோ. அடுத்த கிழமை சந்திப்பம்.